அட்டை ஒருவர் கையில், கயிறு யார் கையில்?

மத்திய அரசைப் பற்றிச் செய்தி சேகரிக்கும் நிருபர்களுக்கான அங்கீகார விதிகள் 2022-ல் புதிதாக எழுதப்பட்டன. அட்டை யாருக்குக் கிடைக்கும் என்பதைவிட, அதைப் பறிக்கப்போவது யார், எப்படி என்பதுதான் சர்ச்சையானது.

பார்வைக்கு அது ஒரு சாதாரண அடையாள அட்டை. புகைப்படம், பெயர், பத்திரிகையின் பெயர், எதுவரை செல்லும் என்ற தேதி. ஆனால் தில்லியில் அமைச்சகங்களைச் சுற்றிவரும் நிருபருக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. அரசுக் கட்டடங்களின் வாசலில் நிற்கும் காவலர் முதலில் பார்ப்பது அதைத்தான். அட்டை இருந்தால் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் வரவேற்பு அறையில் வரிசையில் நின்று, பார்க்க வேண்டிய அதிகாரியின் பெயரைச் சொல்லி, அவர் சம்மதம் தெரிவிக்கும்வரை காத்திருந்து, அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். யார் வந்தார், யாரைப் பார்த்தார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும். தன் துறையில் நடக்கும் கோளாறைப் பற்றி நிருபரிடம் வாய்திறக்க நினைக்கும் அதிகாரி எத்தனை பேர், தன் பெயர் அப்படிப் பதிவாவதை விரும்புவார்கள்?

இந்த அட்டையைத் தருவது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பத்திரிகைத் தகவல் அலுவலகம். சுருக்கமாக பி.ஐ.பி. வெள்ளையர் ஆட்சியில் 1919-ல் ஒரு சிறிய பிரிவாகத் தொடங்கிய அமைப்பு இது. அமைச்சகங்களின் அறிக்கைகளைப் பத்திரிகைகளுக்கு வழங்குவது அதன் அன்றாட வேலை. அரசின் செய்தியைப் பரப்பும் அலுவலகமே, அரசைப் பற்றி எழுதத் தகுதியானவர் யார் என்றும் முடிவு செய்கிறது என்பது இந்த ஏற்பாட்டில் பிறவியிலேயே இருக்கும் சிக்கல்.

அட்டையோடு சில வசதிகளும் வரும். தில்லியில் மத்திய அரசின் மருத்துவத் திட்டத்தில் சேரலாம். ரயில் கட்டணத்தில் பாதி சலுகை இருந்தது; கொரோனா பரவிய 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. ஆனால் இவையெல்லாம் உபரி. அட்டையின் உண்மையான மதிப்பு, கதவைத் திறப்பதில்தான் இருக்கிறது. நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் பத்திரிகைத் தொழிலில் இருந்தாலும், புதிய விதிகள் வந்த நேரத்தில் பி.ஐ.பி. அங்கீகாரம் பெற்றவர்கள் சுமார் 2,450 பேர்தான்.

அந்தச் சிறு கூட்டத்தில் இடம்பெறுவது லேசுப்பட்ட காரியமல்ல. 2022 பிப்ரவரி 7-ல் வெளியான மத்திய ஊடக அங்கீகார நெறிமுறைகளின்படி, முழுநேர நிருபராகவோ புகைப்படக்காரராகவோ குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும். எந்த நிறுவனத்திலும் சேராமல் சுதந்திரமாக எழுதுபவர் என்றால் 15 ஆண்டு. நாளிதழ் என்றால் குறைந்தது 10,000 பிரதிகள் விற்கவேண்டும். விண்ணப்பதாரரின் பின்னணியைப் பாதுகாப்புத் துறையினர் சரிபார்ப்பார்கள். பொய்த் தகவல் தந்து பிடிபட்டால் 2 முதல் 5 ஆண்டுகள்வரை மீண்டும் விண்ணப்பிக்க முடியாது.

இதில் பெரும்பகுதியைக் குறைசொல்ல முடியாது. மோட்டார் சைக்கிளில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு வசூலுக்குக் கிளம்புகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், போலிப் பத்திரிகையாளர்களைக் களையெடுக்கத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தும்படி தமிழக அரசுக்கு உத்தரவிடும் அளவுக்கு அந்தத் தொல்லை வளர்ந்திருந்தது. உள்துறை அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் இருக்கும் கட்டடங்களுக்குள், வருகிறவர் யார் என்று பார்க்காமல் அனுப்பவும் முடியாது. புதிய விதிகளுக்கு இன்னொரு நல்ல பக்கமும் இருந்தது. இணையத்தில் மட்டும் வெளியாகும் செய்தித் தளங்களுக்கு இவை வாசலைத் திறந்தன. தளம் ஓராண்டாவது தொடர்ந்து இயங்கியிருக்க வேண்டும், 2021-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தன்னைப் பற்றிய விவரங்களை அரசிடம் தந்திருக்க வேண்டும், மற்றவர் செய்திகளைத் திரட்டித் தருவதோடு நிற்கக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

பிரச்சினை, அட்டை தருவதைப் பற்றிய பக்கங்களில் இல்லை. அதைத் திரும்பப் பெறுவது பற்றிய பக்கத்தில் இருந்தது.

பழைய விதிகள் 1999-ல் எழுதப்பட்டு, 2012-ல் திருத்தப்பட்டவை. அட்டையை எந்த நிபந்தனையில் கொடுத்தார்களோ அது இல்லாமல் போனால், அல்லது அட்டையைத் தவறாகப் பயன்படுத்தினால் ரத்து என்று அவை பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டன. நிருபர் வேலையை விட்டுவிட்டார், பத்திரிகை நின்றுவிட்டது, அட்டையைக் காட்டி வேறு காரியம் சாதித்தார் என்பது போன்றவை அவற்றில் அடங்கும். எல்லாம் ஆவணத்தைக் காட்டி நிரூபிக்கக்கூடியவை.

2022 விதிகள் ரத்து செய்வதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டன. அவற்றில் ஒன்று, நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், ஒழுக்கம் ஆகியவற்றுக்குக் குந்தகமாகவோ, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை தொடர்பாகவோ நடந்துகொள்வது. இன்னொன்று, வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய கடுமையான குற்றம் ஒன்றில் குற்றம் சாட்டப்படுவது. சாட்டப்பட்டால் போதும், நிரூபிக்கப்பட வேண்டியதில்லை.

முதல் பட்டியலைப் படிக்கும் சட்ட மாணவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவின் 2-வது உட்பிரிவில் இருக்கும் சொற்கள்தான் இவை. 'அரசியல் சட்டத்தில் இருப்பதைத்தானே எழுதியிருக்கிறோம்' என்று இதற்கு நியாயம் சொல்ல முடியும். ஆனால் சொற்கள் ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றல்ல. பேச்சுரிமையை அரசு எந்தெந்தக் காரணங்களுக்காக மட்டும் கட்டுப்படுத்தலாம் என்று அரசியல் சட்டம் அங்கே வரையறுக்கிறது. கட்டுப்பாட்டைச் சட்டத்தின் மூலமாகத்தான் கொண்டுவர வேண்டும். அது நியாயமானதாக இருக்க வேண்டும். நியாயமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லும். அதாவது அந்தப் பிரிவு அரசுக்குப் போட்ட வேலி. அதே சொற்களைப் பிடுங்கி அங்கீகார விதியில் நட்டபோது, வேலி நிருபரைச் சுற்றி வந்துவிட்டது. இங்கே சட்டமும் இல்லை, நீதிபதியும் இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றாத ஒரு நிர்வாக நெறிமுறையும் அதைப் படித்துப் பொருள் சொல்லும் ஒரு குழுவும்தான் உண்டு.

அந்தக் குழு எப்படிப்பட்டது? மத்திய ஊடக அங்கீகாரக் குழு என்று பெயர். பி.ஐ.பி.யின் முதன்மைத் தலைமை இயக்குநர் அதன் தலைவர். உறுப்பினர்கள் 25 பேர்வரை; அவர்களை நியமிப்பது அரசு. குறிப்பிட்ட ஒருவரின் அங்கீகாரத்தை நிறுத்திவைப்பது போன்ற விஷயங்களை முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட துணைக் குழுவை அமைத்துக்கொள்ளலாம். அரசைப் பற்றி ஒரு நிருபர் எழுதியது அரசுக்கு எதிரான குற்றமா என்பதை அரசு நியமித்த குழுவே தீர்மானிக்கும் என்பதுதான் இதன் சாரம்.

இந்திய எடிட்டர்ஸ் கில்ட் அதே மாதம் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. விதிகள் தெளிவற்றவை, தன்னிச்சையானவை, கடுமையானவை என்பது அதன் குற்றச்சாட்டு. பத்திரிகையாளர் அமைப்புகளைக் கலந்துகொள்ளாமலே விதிகள் வெளியானதையும், பாதிக்கப்படும் நிருபரின் தரப்பைக் கேட்க வழி இல்லாததையும் அது சுட்டிக்காட்டியது. அவதூறும் பட்டியலில் இருப்பது அதன் முக்கியக் கவலைகளில் ஒன்று. காரணம் எளிது. பலமானவர்களைப் பற்றித் துப்புத்துலக்கி எழுதும் எந்த நிருபரும் அவதூறு வழக்கைச் சந்திக்காமல் இருக்க முடியாது. வழக்குப் போட ஒரு நாள் போதும். அது முடியப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்த அச்சம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி பழைய அனுபவங்கள் இருக்கின்றன. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பிறகு தணிக்கை வந்தது எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேருக்கும் நினைவில் இல்லாத செய்தி, பிடிக்காத நிருபர்களின் அங்கீகாரமும் அப்போது ரத்து செய்யப்பட்டது என்பது. பிபிசியின் மார்க் டல்லி உட்பட வெளிநாட்டு நிருபர்கள் சிலர் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார்கள். ஜனதா ஆட்சியில் 1977 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை, ஊடகங்கள் எப்படியெல்லாம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டன என்பதைப் பதிவு செய்தது. அங்கீகாரம் என்பது அரசுக்குப் பிடித்தவருக்குப் பரிசாகவும் பிடிக்காதவருக்குத் தண்டனையாகவும் மாறக்கூடும் என்பதற்கு அந்த 21 மாதங்கள் சாட்சி.

அதற்குப் பிறகும் கதவு ஆடிக்கொண்டுதான் இருந்தது. 2018 ஏப்ரல் 2-ம் தேதி, ஸ்மிருதி இரானி அமைச்சராக இருந்த தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொய்ச் செய்தி வெளியிட்டதாக உறுதியானால் முதல் முறை ஆறு மாதம், இரண்டாம் முறை ஓராண்டு, மூன்றாம் முறை நிரந்தரமாக அங்கீகாரம் பறிபோகும் என்றது அது. புகார் வந்ததுமே, விசாரணை முடியும்வரை அங்கீகாரம் நிறுத்திவைக்கப்படும் என்றும் சொன்னது. பொய் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை, புகார் கொடுத்தாலே ஒரு நிருபரைப் பதினைந்து நாள் வாசலில் நிறுத்திவிடலாம் என்ற நிலை. எதிர்ப்பு வலுத்ததும், பிரதமர் அலுவலகமே தலையிட்டு மறுநாள் அந்த அறிக்கையை வாபஸ் வாங்கவைத்தது.

அடுத்த ஆண்டு நிதி அமைச்சகத்தின் முறை. பட்ஜெட் தயாராகும் வாரங்களில் அந்த அமைச்சகத்துக்குள் நிருபர்கள் அனுமதிக்கப்படுவதில்லை. அது நெடுநாள் வழக்கம், யாரும் குறைசொன்னதில்லை. பட்ஜெட் முடிந்ததும் கதவு திறக்கும். 2019 ஜூலை 5-ல் பட்ஜெட் முடிந்தது. நார்த் பிளாக்கின் கதவு முன்போலத் திறக்கவில்லை. அங்கீகார அட்டை வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே நேரம் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்றது அமைச்சகம். இது தடை அல்ல, ஒழுங்குமுறை மட்டுமே என்றும் விளக்கம் தந்தது. பட்ஜெட்டுக்குப் பின் நிதி அமைச்சர் தரும் வழக்கமான விருந்தை நிருபர்கள் பலர் புறக்கணித்தார்கள். அட்டையைப் பறிக்காமலே அதன் பயனைப் பறித்துவிட முடியும் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

2020-ல் ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் கொண்டுவந்த ஊடகக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போனது. பத்திரிகைகளில் வரும் செய்தி பொய்யா, தேசவிரோதமா என்று அதிகாரிகளே ஆராய்வார்கள். அங்கீகாரம் கோரும் பத்திரிகையாளரின் பின்னணி விரிவாகச் சரிபார்க்கப்படும் என்றது அது. பிற வேலை வாய்ப்புகள் அரிதான ஒரு பகுதியில், மாவட்டத் தலைநகரில் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் நிருபருக்கு இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் அங்கீகாரமே வேண்டாமா? வாசலில் யாரோ ஒருவர் அட்டையைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். கேள்வி, கொடுத்ததைத் திரும்ப வாங்கும்போது எந்த நடைமுறை பின்பற்றப்படுகிறது என்பதுதான். இதற்கான விடையை வெளியே தேட வேண்டியதில்லை. 1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு பறித்துக்கொண்டது. பொதுமக்கள் நலன் கருதி என்பதுதான் சொன்ன காரணம். அதற்கு மேல் விவரம் தர மறுத்துவிட்டது. அப்போது அவர் 'சூர்யா' என்ற பத்திரிகையின் ஆசிரியர். 1978 ஜனவரி 25-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தந்த தீர்ப்பு, ஒருவரின் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக, அவர் தரப்பைக் கேட்பதாக இருக்கவேண்டும் என்று நிலைநாட்டியது. பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தும் நியாயம் பத்திரிகையாளர் அட்டைக்குப் பொருந்தாமல் போவானேன்?

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த வழக்கு இன்னும் நெருக்கமானது. 'தி நேஷன்' பத்திரிகையின் வாஷிங்டன் நிருபர் ராபர்ட் ஷெரில், வெள்ளை மாளிகைக்குள் செல்ல 1966-ல் அனுமதி கேட்டார். அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸ் மறுத்தது, காரணம் சொல்லவில்லை. 1977-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: வெள்ளை மாளிகை நிருபர்களுக்குக் கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருமுறை திறந்துவிட்டால், தக்க காரணமின்றி ஒருவருக்கு மட்டும் அடைக்க முடியாது. என்ன அளவுகோல் என்று முன்பே வெளியிட வேண்டும். மறுப்பதானால் அவருக்கு அறிவித்து, பதில் சொல்ல வாய்ப்புத் தந்து, முடிவை எழுத்தில் தரவேண்டும்.

நம் உச்ச நீதிமன்றமும் இந்தத் திசையில் மீண்டும் பேசியிருக்கிறது. 2022 ஜனவரி 31-ல், கேரளத்தின் மீடியாஒன் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு அனுமதியைப் புதுப்பிக்க அரசு மறுத்தது. அங்கீகார விதிகள் வெளியாவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. உள்துறை பாதுகாப்பு ஒப்புதல் தரவில்லை என்பது காரணம். ஏன் தரவில்லை என்பது மூடிய உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் காட்டப்பட்டது. 2023 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிவிட்டு இயற்கை நீதியைப் புறக்கணிக்க முடியாது, அரசின் கொள்கையை விமர்சிப்பதே நாட்டுக்கு எதிரானதாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் மையம். அது ஒளிபரப்பு உரிமம் பற்றிய வழக்கு, அங்கீகார அட்டை பற்றியதல்ல. ஆனால் பாதுகாப்புச் சரிபார்ப்பு என்ற அதே இருட்டறை வழியாகத்தான் அட்டையும் வருகிறது.

ஆகவே தேவைப்படும் திருத்தங்கள் பெரிய புரட்சி அல்ல. அட்டையை ரத்து செய்யும் முன் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். நிருபரைக் கேட்க வேண்டும். குற்றச்சாட்டு மட்டும் போதாது, நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். அவதூறு போன்றவற்றை நீதிமன்றத்திடமே விட்டுவிட வேண்டும். அரசு நியமிக்காத ஒருவரிடம், உதாரணமாக ஓய்வுபெற்ற நீதிபதியிடம், மேல்முறையீடு செய்ய வழி இருக்கவேண்டும். ரேஷன் கார்டை ரத்து செய்வதானால்கூட ஒரு நோட்டீஸாவது எதிர்பார்க்கிறோம்.

நிருபர்கள் தரப்பிலும் யோசிக்க ஒன்று இருக்கிறது. 2025 அக்டோபரில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன், அங்கே செய்தி சேகரிப்பவர்களுக்குப் புதிய நிபந்தனைகளை விதித்தது. வெளியிட அனுமதிக்கப்படாத தகவலை அதிகாரிகளிடம் கேட்டுப்பெற முயன்றால், பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருதி அட்டையைப் பறிக்க அது இடம்கொடுத்தது. அரசியலில் எதிரெதிர் பக்கம் நிற்கும் செய்தி நிறுவனங்களும் இதில் ஒன்றாக நின்றன. கையெழுத்துப் போட மறுத்துப் பெரும்பாலான நிருபர்கள் அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டுக் கட்டடத்தைவிட்டு வெளியேறினார்கள். வெளியே இருந்தபடி தொடர்ந்து எழுதினார்கள்.

ஆனால் அது பெரிய நிறுவனங்களால் முடிந்தது. அட்டை போனாலும் அவற்றின் நிருபருக்குத் தொலைபேசியில் பேச அமைச்சர்கள் இருப்பார்கள். நிறுவனத்துக்கு வக்கீல்கள் இருப்பார்கள். தில்லியில் ஒற்றை அறையில் அலுவலகம் நடத்தும் சிறிய மாநில மொழிப் பத்திரிகையின் ஒரே நிருபருக்கு அந்த வசதி இல்லை. அட்டை போனால் அவருக்கு வேலையே போகலாம். ஆகவே அவரது அட்டையை யாரும் பறிக்கத் தேவையே இல்லை. பறிக்கப்படலாம் என்ற நினைப்பு போதும். எழுத வேண்டிய ஒரு வரியை அவரே அடித்துவிடுவார். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத தணிக்கை அது.

இதில் வாசகருக்கு என்ன நஷ்டம்? 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் பத்து ரூபாய் கட்டி மத்திய அரசிடம் கேள்வி கேட்கலாம். அட்டை தேவையில்லை, ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கவும் முடியாது. ஆனால் பதில் வர 30 நாள் காத்திருக்க வேண்டும். நாளை முதல் எந்த மானியம் வெட்டப்படுகிறது, எந்தப் பரீட்சையின் வினாத்தாள் வெளியானது, எந்தப் பாலத்தின் ஒப்பந்தம் யாருக்குப் போகிறது என்பதை இன்றே தெரிந்துகொள்ள, அந்த அறைக்குள் ஒரு நிருபர் இருந்தாக வேண்டும். அவர் அங்கே போவது தனக்காக அல்ல. போக முடியாத கோடிப் பேருக்காக. அவரை உள்ளே விடும் அட்டையை அரசு கொடுக்கலாம். அதை எந்தக் காரணத்துக்காக, எப்படிப் பறிக்கலாம் என்பதை அரசு மட்டுமே முடிவு செய்யலாகாது.